நாயின் உடம்பில் கட்டி: விரட்டுவதா, வைத்தியம் பார்ப்பதா?



இம்முறை நாம் எழுத எடுத்துக்கொண்டது வீட்டு நாயைப் பற்றி. "மனுசருக்கே மருந்து தேடி அலையுற நேரத்துல நாய்க்கு என்னா பேச்சு" என்று சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயம்தான். ஆனால் ராத்திரி லயத்துப் பக்கம் சிறுத்தை வந்தால் முதலில் சத்தம் போடுவது யார்? மரக்கறிப் பாத்திக்குள் பன்றி இறங்கினால் எழுப்புவது யார்? நாய் எமது வீட்டின் சம்பளமில்லாத காவல்காரன். அதற்கு ஒரு வருத்தம் வந்தால் என்ன செய்வது என்று தெரிந்து வைத்திருப்பது எமக்கும் எமது பிள்ளைகளுக்கும் நல்லது.

எமது குடும்பங்களில் பலருக்கு வன்னியில் சொந்தம் உண்டு. 1977 இலும் 1983 இலும் நடந்த வன்செயல்களுக்குப் பின் மலையை விட்டு வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் போய்க் குடியேறியவர்கள் எத்தனையோ பேர். 2009 இல் யுத்தம் முடிந்த காலத்தில் அவர்களும் மற்றவர்களோடு வீடு வாசலை விட்டு வெறுங்கையோடு நடந்தார்கள். மாடும் நாயும் அங்கேயே நின்றன. திரும்பி வந்து காடு வெட்டிக் கொட்டில் போட்ட போது மறுபடியும் ஒரு நாய்க்குட்டி தேவைப்பட்டது. பாம்புக்கும், பன்றிக்கும், யானை வருகிறது என்று அறியவும் அங்கே நாய் இல்லாமல் முடியாது.

பண்டிகை லீவுக்கு அங்கே போய் வருகிறவர்களும் அங்கிருந்து இங்கே வருகிறவர்களும் எம்மிடம் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "நாய்க்கு உடம்புல கட்டி வந்திருக்கு. பிள்ளைங்களுக்கு ஒட்டுமா? அடிச்சு விரட்டவா?" அதற்குத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு விடயம்

கட்டி என்றால் அது ஒரே நோய் இல்லை. எமக்கு வயிற்று வலி வந்தால் அது வாயுவாகவும் இருக்கலாம், புண்ணாகவும் இருக்கலாம், கல்லாகவும் இருக்கலாம் அல்லவா? நாயின் கட்டியும் அப்படித்தான். சில தானாகவே போய்விடும். சிலது சும்மா இருக்கும். சிலதுக்கு ஊசி போட்டால் முழுக்கக் குணமாகும். சிலதை உடனே வெட்டி எடுக்காவிட்டால் உயிரைக் கொண்டு போகும். கண்ணால் பார்த்து மட்டும் எது எது என்று மிருக வைத்தியராலும் நூற்றுக்கு நூறு சொல்ல முடியாது. ஆனாலும் எமது கையும் கண்ணும் கொஞ்சம் பழகினால், எதற்கு ஓட வேண்டும், எதற்குப் பொறுத்திருக்கலாம் என்று ஓரளவு தெரியும்.

கட்டி போலத் தெரிபவை

முதலாவது உண்ணி. இரத்தம் குடித்து ஊதிய உண்ணி சாம்பல் நிறத்தில் பட்டாணி போலத் தொங்கும். மயிரை விலக்கிப் பார்த்தால் அடியில் சின்னக் கால்கள் தெரியும். காதுக்குள்ளும் கழுத்திலும் விரல் இடுக்கிலும் தேடுங்கள். சின்னச் சாவணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக மெதுவாக இழுத்து எடுங்கள். வெறும் விரலால் நசுக்கவும் வேண்டாம், நெருப்பால் சுடவும் வேண்டாம். உண்ணியால் நாய்க்குக் காய்ச்சல் வந்து, இரத்தம் குறைந்து, முரசு வெளிறிப் போகும். அப்படிக் கண்டால் வைத்தியரிடம் போக வேண்டும்.

இரண்டாவது காது மடல் வீக்கம். காதுக்குள் உண்ணியோ புண்ணோ இருந்தால் நாய் தலையை உதறிக்கொண்டும் சொறிந்துகொண்டும் இருக்கும். அப்போது காது மடலுக்குள் நரம்பு உடைந்து இரத்தம் தேங்கி, மடல் மெத்தை மாதிரி வீங்கும். அதை ஊசியால் குத்தினால் மறுபடியும் நிரம்பும், சீழும் பிடிக்கும். வைத்தியர்தான் வடித்துத் தைக்க வேண்டும்.

மூன்றாவது குட்டியின் தொப்புள் வீக்கம். அழுத்தினால் உள்ளே போய்த் திரும்பி வரும் மெதுவான வீக்கம் இது. சின்னதாக இருந்தால் பெரும்பாலும் தொந்தரவு இல்லை. பெரிதாக இருந்தாலோ, இறுகி வலித்தாலோ காட்ட வேண்டும்.

சீழ்க்கட்டியும் புழுப் புண்ணும்

நாய்கள் சண்டை போட்ட பின், அல்லது முள்ளுக் குத்திய பின், இரண்டு மூன்று நாளில் திடீரென்று வரும் கட்டி பெரும்பாலும் சீழ்க்கட்டி. தொட்டால் சுடும், நாய் கத்தும், நடுவில் மெதுவாக இருக்கும். அதை நாமே கீறி விடக் கூடாது. வைத்தியர் கீறிக் கழுவி மருந்து கொடுத்தால் சில நாளில் ஆறிவிடும்.

காயத்தை ஈ மொய்க்க விட்டால் புழு வைத்துவிடும். மேலே சின்ன ஓட்டை, உள்ளே பெரிய குழி, கெட்ட நாற்றம், நாய் அந்த இடத்தை நக்கிக்கொண்டே இருப்பது ஆகியவை இதன் அறிகுறிகள். இது அவசரம். ஒரு நாள் தாமதித்தாலும் புழு சதையைத் தின்றுகொண்டு உள்ளே போகும்.

மருவும் கொழுப்புக் கட்டியும்

ஒரு வயதுக்கு உட்பட்ட நாயின் உதட்டிலும் வாய்க்குள்ளும் சின்னச் சின்ன மரு கூட்டமாக வரலாம். இது ஒரு வைரசினால் வருகிறது. நாய்க்கு நாய் ஒட்டும், மனிதருக்கு ஒட்டாது. பெரும்பாலும் ஓரிரு மாதத்தில் தானாகவே உதிர்ந்துவிடும். சாப்பிட முடியாத அளவுக்கு நிறைந்தால் மாத்திரம் வைத்தியரிடம் காட்டுங்கள்.

வயதான நாயின் விலாவிலோ நெஞ்சிலோ, தோலுக்குக் கீழே மெத்தென்று, விரலால் தள்ளினால் வழுக்கிப் போகும் கட்டி இருந்தால் அது கொழுப்புக் கட்டியாக இருக்கலாம். மெதுவாகத்தான் வளரும், வலிக்காது. ஆனால் "மெத்துன்னு இருக்கு, அது கொழுப்புத்தான்" என்று நாமே முடிவு கட்டக் கூடாது. கெட்ட கட்டி சிலதும் தொடக்கத்தில் இதே மாதிரி மெத்தென்றுதான் இருக்கும். ஒரு நாள் பெருத்து மறுநாள் சிறுத்து, அடிக்கடி சிவக்கும் கட்டி என்றால் சந்தேகப்பட வேண்டும்.

பெட்டை நாயின் முலைக்கட்டி

பெட்டை நாய்க்குப் பெரும்பாலும் ஐந்து சோடி முலைகள் உண்டு. நடுவயது தாண்டிய நாய்க்கு, முக்கியமாகப் பின்பக்க முலைகளில், பயறு போல ஒரு முடிச்சு வரும். வலிக்காது என்பதால் நாம் கவனிக்க மாட்டோம். தேசிக்காய் அளவு வந்து, வெடித்து, நாறத் தொடங்கிய பின்தான் கண்ணில் படும். நாய்களின் முலைக்கட்டியில் ஏறக்குறையப் பாதி கெட்ட கட்டி, அதாவது புற்றுநோய். பயறு அளவில் இருக்கும்போதே வெட்டி எடுத்தால் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். நெஞ்சுக்குள் பரவிய பின் வெட்டிப் பயனில்லை.

இதைப் பெருமளவு தடுக்க வழி உண்டு. பெட்டைக் குட்டிக்கு முதல் இரண்டு பருவத்துக்குள், முடிந்தால் முதல் பருவத்துக்கு முன்பே, கருத்தடை ஒப்பரேஷன் செய்துவிட்டால் முலைக்கட்டி வரும் வாய்ப்பு வெகுவாகக் குறையும் என்பது மிருக வைத்தியத்தில் நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருவது. குட்டிகளைச் சாக்கில் கட்டி ரோட்டில் விடும் பாவமும் எமக்கு வராது. குட்டி போடாமல் இருக்க ஹோர்மோன் ஊசி போடும் வழக்கமும் எமது நாட்டில் உண்டு. அந்த ஊசியைத் திரும்பத் திரும்பப் போட்டால் கருப்பையில் சீழ் பிடிப்பதும் முலைக்கட்டி வருவதும் கூடும். ஆகவே ஒப்பரேஷனே நல்லது.

இரத்தம் சொட்டும் கட்டி

இப்போது முக்கியமான கட்டிக்கு வருவோம். அடித்து விரட்டப்படும் நாய்களில் பல இந்தக் கட்டி உள்ளவைதான்.

பெட்டை நாய் என்றால், பருவம் முடிந்தும் வாரக் கணக்கில் இரத்தம் சொட்டும். கடுவன் நாய் என்றால் குறி உறையிலிருந்து இரத்தத் துளி விழும். "மூத்திரத்துல கல்லு" என்று நினைத்து விட்டுவிடுவார்கள். விலக்கிப் பார்த்தால் பூக்கோவா மாதிரி, சிவந்து, பொலபொலவென்று, தொட்டால் இரத்தம் வரும் சதை வளர்ந்திருக்கும். மூக்கிலும் வாயிலும் கூட வரலாம்.

இது ஒரு விசித்திரமான நோய். சாதாரணப் புற்றுநோய் ஒரு உடம்பில் தொடங்கி அந்த உடம்போடு முடிந்துவிடும். இந்தக் கட்டியோ நாய்க்கு நாய் ஒட்டுகிறது. இணை சேரும்போது, முகரும்போது, நக்கும்போது, ஒரு நாயின் கட்டியிலிருந்து உயிருள்ள துணுக்குகள் மற்ற நாயில் ஒட்டி, தேயிலைக் கிளை வெட்டி நட்டது போல வளர்கின்றன. 1876 இல் ரஷ்யாவில் நொவின்ஸ்கி என்ற மிருக வைத்தியர் ஒரு நாயின் கட்டியை இன்னொரு நாயில் ஒட்டவைத்துக் காட்டினார். இன்று உலகமெங்கும் உள்ள இந்தக் கட்டிகள் எல்லாம் பல ஆயிரம் வருடங்களுக்கு முன் வாழ்ந்த ஒரே ஒரு நாயின் கட்டியிலிருந்து வந்தவை என்று ஆராய்ச்சியாளர்கள் கண்டுள்ளார்கள். தெருவில் அவிழ்த்து விட்ட நாய்கள் அதிகமாக உள்ள நாடுகளில் இது அதிகம். எமது நாடும் அதில் ஒன்று.

இதில் இரண்டு நல்ல செய்தி உண்டு. ஒன்று, இது மனிதருக்கு ஒட்டாது. பிள்ளைக்கும் வராது, பெரியவருக்கும் வராது. மற்றது, பெரும்பாலும் இது முழுக்கக் குணமாகும். வாரத்துக்கு ஒரு தடவை நரம்பில் வின்கிறிஸ்டின் என்ற ஊசி போடுவார்கள். நாலு முதல் ஆறு வாரத்தில், பத்து நாயில் ஒன்பதுக்கு மேல் சுகமாகிவிடும். ஆனால் இரண்டு ஊசி போட்டதும் கட்டி சுருங்கிவிட்டது என்று நிறுத்தக் கூடாது. மீதி வேர் மறுபடியும் முளைக்கும். வைத்தியர் போதும் என்று சொல்லும் வரை போக வேண்டும்.

அந்த மருந்து எதிலிருந்து வருகிறது தெரியுமா? எமது கோயில் வாசலிலும் லயத்து முற்றத்திலும் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து. வன்னியில் இதைப் பட்டிப்பூ என்பார்கள். சின்னப் பிள்ளைகளின் இரத்தப் புற்றுநோய்க்கும் இதே மருந்தைத்தான் கொடுக்கிறார்கள். அதற்காக யாரும் அந்த இலையை அரைத்து நாய்க்கோ மனிதருக்கோ கொடுத்துவிடாதீர்கள். செடியில் நஞ்சு உண்டு. ஊசி மருந்துகூட நரம்புக்கு வெளியே கசிந்தால் சதையைப் புண்ணாக்கும், அளவு தவறினால் உயிருக்கே ஆபத்து. ஊசி போட்டு இரண்டு மூன்று நாளைக்கு நாயின் மூத்திரம், மலம், வாந்தியை வெறுங்கையால் தொடக் கூடாது. பிள்ளைத்தாய்ச்சிகள் விலகி இருப்பது நல்லது.

நுளம்பு கொண்டு வரும் புழுக்கட்டி

விரட்டத் தேவையில்லாத கட்டிக்கு நாயை விரட்டுகிறோம். ஆனால் நாயிலிருந்து உண்மையாகவே பிள்ளைக்கு வரக்கூடிய ஒரு கட்டியைப் பற்றி எமக்குத் தெரியாது. அது நாய்ப் புழுவால் வருவது.

நாயின் தோலுக்குக் கீழே வாழும், நூல் போன்ற புழு ஒன்று உண்டு. பெரும்பாலும் நாய்க்கு ஒன்றும் தெரியாது. சிலவேளை தோலில் சின்ன முடிச்சுகளும் சொறியும் வரும். அதன் குஞ்சுப் புழுக்கள் நாயின் இரத்தத்தில் ஓடும். நுளம்பு, அதாவது நாம் கொசு என்று சொல்வது, அந்த நாயைக் கடித்து, பின் பிள்ளையைக் கடித்தால் புழு பிள்ளையின் தோலுக்குள் போய்விடும். மனித உடம்பில் அது பெரும்பாலும் பெருக முடியாது. ஒரு இடத்தில் தங்கி, பட்டாணி அல்லது மாபிள் அளவில் கட்டியாகும். கண் இமை, முகம், ஆண் பிள்ளைகளின் விதைப்பை போன்ற இடங்களில் வரும். சிலவேளை இன்றைக்கு இங்கே, நாளைக்குக் கொஞ்சம் தள்ளி என்று இடமும் மாறும். இந்தப் புழுவால் மனிதருக்குக் கட்டி வந்தது அதிகமாகப் பதிவான நாடுகளில் இலங்கையும் ஒன்று. அதிலும் சின்னப் பிள்ளைகள் அதிகம்.

2016 இல் இலங்கை யானைக்கால் நோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற அளவில் ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டது. அது மனிதப் புழு. நாய்ப் புழு இன்னும் இருக்கிறது. இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் என்று குளமும் வாய்க்காலும் வயலும் நிறைந்த வன்னியில் நுளம்புக்குக் குறைவில்லை. அங்கே உள்ள சொந்தங்களுக்கு இதைச் சொல்லி வையுங்கள். லீவுக்குப் போகும் எமது பிள்ளைகளும் நுளம்பு வலைக்குள் தூங்கட்டும்.

பிள்ளைக்கு இப்படிக் கட்டி கண்டால் பிதுக்க வேண்டாம், பத்துப் போட வேண்டாம். தோட்ட டிஸ்பென்சரியிலோ அரசாங்க ஆஸ்பத்திரியிலோ காட்டுங்கள். "வீட்டில் நாய் இருக்கிறது" என்றும் சொல்லுங்கள். இதுவாக இருந்தால் சின்ன ஒப்பரேஷனில் புழுவை எடுத்துவிடுவார்கள், அதோடு சரி. நாயைத் தொட்டதால் இது வராது. நாயின் ஒரு சொட்டு இரத்தத்தை நுணுக்குக்காட்டியில் பார்த்தே புழு இருக்கிறதா என்று வைத்தியர் சொல்லிவிடுவார். அதற்கு மருந்தும் உண்டு. நாயை விரட்டினால் அது அடுத்த லயத்தில் போய்ப் படுக்கும், நுளம்பு அங்கேயும் கடிக்கும். மருந்து கொடுத்தால்தான் சங்கிலி அறும்.

இன்னொன்று. 2020 இல் வடக்கில் மாடுகளுக்கு உடம்பெல்லாம் முடிச்சு முடிச்சாக வந்த தோல் கழலை நோயைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது மாட்டு வைரஸ். நாய்க்கும் வராது, மனிதருக்கும் வராது. இரண்டையும் போட்டுக் குழப்பத் தேவையில்லை.

செய்யக் கூடாதவை

கவ்வாத்துக் கத்தியாலோ பிளேட்டாலோ கட்டியை அறுக்காதீர்கள். மயிரோ நூலோ கட்டி இறுக்காதீர்கள்.

கழிவொயில், மண்ணெண்ணெய், பெட்டரித் தண்ணி, சுண்ணாம்பு பூசாதீர்கள். தோல் வெந்துவிடும். நாய் நக்கினால் நஞ்சு வயிற்றுக்குள்ளும் போகும்.

உண்ணிக்கும் புழுவுக்கும் தோட்டத்துப் பூச்சிமருந்தைத் தெளிக்காதீர்கள். நாயோடு விளையாடும் பிள்ளைக்கும் அது ஆபத்து.

பெனடோல் போன்ற எமது மாத்திரைகளை நாய்க்குக் கொடுக்காதீர்கள். எமக்கு மருந்தாக இருப்பது நாய்க்கு விஷமாகலாம்.

எப்போது உடனே போக வேண்டும்?

ஒரு மாதத்துக்குள் இரட்டிப்பான கட்டி, வெடித்த கட்டி, இரத்தம் சொட்டும் கட்டி, எலும்போடு ஒட்டியது போல் கல்லாக அசையாத கட்டி, முலையில் வந்த எந்தக் கட்டியும், கண்ணுக்குப் பக்கத்துக் கட்டி, கட்டியோடு நாய் மெலிந்து சாப்பாட்டை விடுவது. இதில் ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம்.

மற்றக் கட்டிகளுக்குப் பிள்ளையின் பழைய கொப்பியில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். கண்ட திகதி, உடம்பில் எந்த இடம், பயறு அளவா, தேசிக்காய் அளவா, முட்டை அளவா என்று எழுதுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை நூலால் அளந்து பாருங்கள். இந்தக் கணக்கைக் கண்டால் வைத்தியருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி. கட்டி ஒரு மாதமாகியும் போகாவிட்டால், வலி இல்லாவிட்டாலும் காட்டுங்கள்.

மாடு ஆட்டுக்கு நாம் போகும் அதே அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில்தான் முதலில் நாயையும் காட்ட வேண்டும். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களிலும் இந்த அலுவலகங்கள் உண்டு. அங்கே முடியாததை எங்கே காட்டுவது என்று அவர்களே சொல்வார்கள். மலையில் உள்ளவர்களுக்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்தியப் போதனா ஆஸ்பத்திரியும் உண்டு. வைத்தியர் மெல்லிய ஊசியால் கட்டிக்குள்ளிருந்து கொஞ்சம் எடுத்துக் கண்ணாடித் தட்டில் தடவிப் பார்ப்பார். அதில்தான் நல்லதா கெட்டதா என்று தெரியும். எத்தனை ஊசி, மொத்தம் எவ்வளவு செலவு என்று முதல் நாளே கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை. பாதியில் நிறுத்துவதை விட, முன்பே கணக்குப் பார்த்து நாலு வீடு சேர்ந்து போட்டுக்கொள்வது மேல். ஒட்டும் கட்டி என்பதால் அந்த நாலு வீட்டு நாய்க்கும் அது காப்பு.

கூட்டிப் போகும்போது நாய்க்குப் பழக்கமான ஆளே பிடிக்கட்டும். வலியில் நல்ல நாயும் கடிக்கும். துணிப்பட்டியால் வாயைக் கட்டுங்கள், மூக்கை அடைக்காமல். கடித்துவிட்டால் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கட்டி இருக்கிறதோ இல்லையோ, வருடா வருடம் விசர்நாய்க்கடித் தடுப்பூசியைத் தவற விடக் கூடாது.

ஞாபகத்தில் வைப்போம்

முள்ளை முளையிலே கிள்ள வேண்டும் என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை நாயைக் குளிப்பாட்டும்போது தலை முதல் வால் வரை ஒரு தடவை கையால் தடவிப் பாருங்கள். பத்து நிமிட வேலைதான். பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பெரியவர்கள் பார்க்கச் சொல்லிக்கொடுங்கள்.

கட்டி வந்த நாயை விரட்டினால் நோய் எமது வீட்டை விட்டுப் போகும், ஊரை விட்டுப் போகாது. நாயை வைத்தியரிடம் கொண்டு போனால் இரண்டும் காப்பாற்றப்படும். இந்தப் பத்திரிகையைப் படித்து முடித்ததும் பக்கத்துக் காம்பராவுக்குக் கொடுங்கள். வன்னியில் சொந்தம் உள்ளவர்கள் அடுத்த பயணத்தில் அங்கேயும் ஒரு பிரதி கொண்டு போங்கள்.